முதலில் ஒரு டைம்பீஸ் வாங்கு

ஓட ஆரம்பிக்க என்ன ஷூ வாங்கலாம் என்று கேட்டாய். ஷூவைப் பற்றி அப்புறம் பேசலாம், தம்பி. முதலில் ஒரு டைம்பீஸ் வாங்கு. ஒற்றை பேட்டரியில் ஓடும், காலையில் காது கிழியக் கத்தும், அவ்வளவு போதும். நான் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சந்தைப் பக்கம் வாங்கினேன். 'அலாரத்துக்காகத்தான் போனைப் பக்கத்தில் வைக்கிறேன்' என்பது நாலு வருஷம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று பாடுவேன். ராத்திரி பதினொன்றரைக்குப் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் பார்க்கக்கூடாததைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். காலையில் தேவன் முகத்திலும் முழிக்க முடியாது, எழுந்து ஓடவும் முடியாது.

இப்போது ஒன்பதரை ஆனதும் என் போன் அடுப்பங்கரையில் அரிசிப் பானை மூடிமேல் போய் உட்கார்ந்துவிடும். முதல் வாரம் கை தானாகத் தலையணைக்கடியில் தேடும். தேடட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து பத்து மணிக்கே தூக்கம் சொக்கும், 4.45க்கு டைம்பீஸ் கத்தும்போது எழுந்துவிடலாம். ஓட்டம் எனக்குச் செய்த பெரிய உதவி இதுதான். ஓடினால் ஆசை அடங்கிவிடும் என்று வாலிபர் முகாமில் யாராவது சொன்னால் நம்பாதே. இருபத்துநாலு வயசு உடம்பில் ஆசை இருக்கத்தான் செய்யும், ஓடி ஓடி உடம்பு தேறினால் இன்னும் நன்றாகவே இருக்கும். ஓட்டம் உன்னைச் சீக்கிரம் படுக்கவைக்கும், அவ்வளவுதான். வேதாகமத்தில் யோசேப்பும், தன்னைப் பாவத்துக்குக் கூப்பிட்ட போத்திபாரின் மனைவியிடம் முதலில் பேசித்தான் பார்த்தான். பேச்சு எடுபடாத அன்றைக்கு வஸ்திரத்தை அவள் கையில் விட்டுவிட்டு ஓடினான். அந்த வஸ்திரத்தின் இடத்தில் நமக்கு இருப்பது போன்.

இனி ஓட்டம். முதல் மாசம் வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, மொத்தம் 25 நிமிஷம். அப்புறம் ஓடும் நிமிஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. என்ன வேகம் என்று கேட்பாய். ஓடிக்கொண்டே பரமண்டல ஜெபத்தை, இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை, வாய்விட்டுச் சொல்லிப் பார். 'ஆகாரத்தை' என்ற இடத்துக்குள் மூச்சு முட்டினால் வேகம் அதிகம், குறைத்துக்கொள். 'ஆமென்' வரை பேசுகிற மாதிரியே வந்தால் அதுதான் உன் வேகம். பால்வாடிப் பிள்ளை முந்திப்போகும் போலிருக்கும், வெட்கப்படாதே.

தேசிய நெடுஞ்சாலையில் ஓடாதே. கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகள் விடியற்காலையில் ஒதுங்காது. எனக்குச் சானல்கரை ரோடு, கால்வாய்க் கரையோரம் போகிறது. அந்த நேரத்தில் அங்கே தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுகிறவர்கள்தான் இருப்பார்கள். எந்த ரோடானாலும் வலது ஓரமாக ஓடு, அப்போதுதான் எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நட. ஓடுகிற காலைத்தான் அது துரத்தும்.

இப்போது எனக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் முன்னால், ஒரு புதன்கிழமை ராத்திரி பழையபடி போனில் அதையே பார்த்து, பாவத்தில் விழுந்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் மாமி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். விடிந்ததும் என்மேல் எனக்கே அருவருப்பு. இந்த உடம்பை ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று புறப்பட்டேன். அதுவரை நான் ஓடிய அதிகபட்சம் 6 கிலோமீட்டர். அன்றைக்கு களியக்காவிளை தாண்டி, இஞ்சிவிளை தாண்டி, கடைப் பலகையெல்லாம் மலையாளமாக மாறி, பாறசாலையும் போய், இன்னும் ஓடினேன். ஜெபமும் இல்லை, ஒன்றும் இல்லை. கால் நொறுங்க வேண்டும், அதுதான் வேண்டுதல். நொறுங்கியது. திரும்பி வருவதற்கு நனைந்த இருபது ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு கேரள பஸ்ஸில் நொண்டி நொண்டி ஏறினேன்.

இரண்டு முழங்காலுக்கும் கீழே, உள்பக்க எலும்போரம் கட்டைவிரலால் அழுத்தினால் உயிர் போகும். உடம்பு பழகாத தூரத்தைத் திடீரென ஏற்றினால் வருகிற வலி அது. ஐந்து வாரம் ஓட்டமே இல்லை. அந்த ஐந்து வாரத்தில் எத்தனை தடவை விழுந்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

அதனால் கேள். விழுந்த மறுநாள் அட்டவணையில் 4 கிலோமீட்டர் என்றிருந்தால் 4 மட்டும் ஓடு. தூக்கமில்லை என்றால் நட. ஓட்டத்தைத் தண்டனையாக்காதே. தண்டனை ஏற்கெனவே ஒருவர் சுமந்து முடித்தாயிற்று என்று சபையில் பாடுகிறோமே, அதைக் காலுக்கும் சொல்லு. இன்னொன்று, யாரிடமாவது ஒருவரிடம் சொல்லு. ஊருக்கெல்லாம் சாட்சி சொல்ல வேண்டாம். எனக்குப் பெரியம்மா மகன் அண்ணன். பட்டாளத்திலிருந்து வந்தவர். காலையில் என்னோடு ஓட வரும்போது இரண்டே கேள்வி கேட்பார்: "எத்தன மணிக்குல படுத்த? போன் எங்க கெடந்துது?" அதற்குமேல் துருவமாட்டார். பொய் சொன்னால் முதல் கிலோமீட்டரிலேயே என் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

நீள ஓட்டத்தை நான் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன், ஞாயிறு ஆராதனைக்குக் கால் கடுப்போடு போக மனசில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிடல் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறதென்று அதில் ஓடவில்லை. 400 மீட்டர் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். பிறகு சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். நமக்கு அந்த அளவு சோதனையெல்லாம் வராது, சனிக்கிழமை சீக்கிரம் எழுந்தால் போதும். வாரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதே, நாலாம் வாரம் குறைத்து ஓடு. இப்படிப் போய்த்தான் திருவனந்தபுரத்தில் ஒரு அரை மாரத்தானை, 21 கிலோமீட்டரை, 2 மணி 14 நிமிஷத்தில் முடித்தேன்.

புறப்படும் முன் இரண்டு மட்டி வாழைப்பழம். வந்ததும் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, அப்புறம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாளில் உபவாசம் இருந்தால் அன்றைக்கு ஓடாதே, நடந்து கோயிலுக்குப் போ.

ஷூ பற்றிக் கேட்டாயே. விலையைப் பார்க்காதே, உன் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார். சாயங்காலம் போய் வாங்கு, கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். 600, 700 கிலோமீட்டர் ஓடியதும் மாற்று. நம்மூரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நனைந்த ஷூவுக்குள் பழைய பேப்பரை உருட்டித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை மாற்றினால் மறுநாளைக்கு ஆகும். அடுப்பங்கரைத் திண்ணையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் காயும். ஆனால் அம்மா திட்டுவாள். அரிசிப் பானைமேல் போன் இருப்பதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஷூவைக் கண்டால் மட்டும் துடைப்பத்தை எடுக்கிறாள்.