யுஎக்ஸ், டெக்னிக்கல் ரைட்டிங் வேலைக்குப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் கிட்டே. 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற ஐடி பூங்கா அங்கே இருக்கிறது. யுஎக்ஸ் (ஆப், இணையதளத்தைப் பயன்படுத்துகிறவருக்கு எளிதாக வடிவமைப்பது), டெக்னிக்கல் ரைட்டிங் (ஒரு பொருளை, ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று விளக்கி எழுதுவது) வேலைகளுக்கு அங்கே முயற்சி செய்கிறவர்கள் உண்டு. திறமையில் குறையில்லை. ஆனால் அவர்களுடைய போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைத் திறந்தால் திரும்பத் திரும்ப அதே சாப்பாட்டு டெலிவரி ஆப், அதே ஊதா நிறப் பட்டன்.

ஸ்கிரீன் வரையும் மென்பொருளான ஃபிக்மா தெரிந்துவிட்டால் யுஎக்ஸ் தெரிந்துவிட்டது என்ற நினைப்பிலிருந்துதான் இது வருகிறது. ஃபிக்மாவைச் சில வாரங்களில் பழகிவிடலாம். இன்டர்வியூவில் கேட்பது வேறு: இந்தப் பட்டனை ஏன் இங்கே வைத்தாய், வேறு என்ன யோசித்தாய், அதை ஏன் விட்டாய்? பெரிய கம்பெனி ஆப்பை வீட்டில் உட்கார்ந்து மாற்றி வரைந்தவரிடம் இதற்குப் பதில் இருக்காது. அதைப் பயன்படுத்துகிற யாரையும் அவர் போய்ப் பார்க்கவில்லையே!

பக்கத்தில் இருக்கிற ரப்பர் கடைக்குப் போய் ஒரு காலை முழுக்க உட்காருங்கள். ஷீட் கொண்டுவருகிறவர் கேட்பது இன்றைய விலை. அடுத்து, ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்பது. ஷீட்டின் தரம் ஆர்எஸ்எஸ் (புகையில் உலர்த்திய ஷீட்டின் தர வரிசை) நாலா, ஐந்தா என்பதைக் கடைக்காரர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சொல்வார். மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலுக்குத் தனி விலை. இதற்கு ஒரு ஆப் செய்யச் சொன்னால் நம் ஆட்கள் மெனுவில் என்ன வைக்கிறார்கள்? ‘எங்களைப் பற்றி’, ‘தயாரிப்புகள்’, ‘தரங்கள்’. விலை மூன்றாவது தட்டலுக்கு அப்புறம். ஈரக் கழிவு எங்குமே இல்லை.

இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்சர், அதாவது தகவலை அடுக்கும் முறை என்பதை மெனு வரைவது என்று சுருக்கிக்கொள்வதுதான் இங்கே கோளாறு. எதை எதோடு சேர்த்து வைப்பது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை உங்கள் தலையிலிருந்து எடுக்காதீர்கள். ஆப்பில் வரப்போகும் விஷயங்களை ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒன்றாக எழுதி, ஷீட் விற்க வந்தவரிடமே கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். குவியலுக்குப் பெயரும் அவரே வைக்கட்டும். இதுதான் கார்டு சார்ட்டிங். அப்புறம் படம், நிறம் எதுவும் இல்லாமல் மெனுச் சொற்களை மட்டும் காட்டி, “நேற்றுப் போட்ட ஷீட்டுக்கு எவ்வளவு வரும் என்று பார்க்கணும், எதைத் தொடுவீங்க அண்ணா?” என்று கேளுங்கள். “நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

எத்தனை பேரிடம் கேட்பது? ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று யுஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் சொன்னது குறைகளைக் கண்டுபிடிக்க. கண்டு, திருத்தி, மறுபடி சோதிக்க. அதைப் பிடித்துக்கொண்டு ஐந்தில் நான்கு பேருக்குப் பிடித்தது, ஆகவே 80 சதவீதம் என்று ஸ்லைடு போட்டால், விவரம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே உங்களை ஓரங்கட்டிவிடுவார்.

எல்லையில் பிறந்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. அது உங்கள் கைமுதல். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசுவார்கள், பள்ளியில் தமிழ் மீடியம் படித்திருப்பார்கள், வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். இருப்பிடத்தை வைத்து மொழியை முடிவு செய்கிற ஆப் இவர்களிடம் தோற்றுப்போகும். இதைக் கண்ணால் பார்த்து எழுதிய ஒரு பக்கம், பத்து அழகான ஸ்கிரீனுக்குச் சமம். கூடவே ஆங்கிலத்தில் வரைந்த பட்டனில் தமிழையும் மலையாளத்தையும் போட்டுப் பாருங்கள்: சொல் வெளியே நீளும், வரி இடைவெளி போதாமல் ‘கீ’யின் மேல்சுழி வெட்டுப்படும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்பதும் அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியில் இருக்கிறது. வெளிர் சாம்பல் எழுத்து வெயிலில் நிற்கிறவருக்குத் தெரியாது.

டெக்னிக்கல் ரைட்டிங்கை ‘இங்கிலீஷ் நல்லா வந்தா போதும்’ என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. மொழி வேண்டும்தான், அதைவிட வேண்டியது வரிசை. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் சேர்ப்பது பற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ‘அமிலத்தை நீர்த்துச் சேர்க்கவும்’ என்று எழுதிவிட்டு, கடைசியில் ‘குறிப்பு: கையுறை அணியவும்’ என்று போடுகிறவர்தான் அதிகம். படிக்கிறவர் அந்தக் குறிப்புக்கு வருவதற்குள் கை வெந்திருக்கும். எச்சரிக்கை முதலில் வர வேண்டும். தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதும் அதே இடத்தில். ஒரு படியில் ஒரு வேலை. ‘தேவையான அளவு’ என்று எழுதினால் எவ்வளவு என்று ஆளைத் தேடிப் போய்க் கேட்டு வாருங்கள். அப்படி உருப்படியாக எழுதிய இரண்டு பக்க மாதிரி இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள். ஏஐயை வைத்து வரைவு போடலாம். ஒவ்வொரு படியையும் செய்து பார்க்காமல் அனுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

வேலை அறிவிப்பில் டிட்டா என்று பார்த்ததும் பணம் கட்டிக் கோர்ஸில் சேர வேண்டாம். மேனுவலைத் தலைப்பு தலைப்பாகத் துண்டாக எழுதிச் சேர்க்கிற எக்ஸ்எம்எல் முறை அது, ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாக 2005-இல் வந்தது. பெரிய மேனுவல்கள் போடும் கம்பெனிகளில்தான் அதிகம் தேவைப்படும். மார்க்டவுன் (எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை), கிட் (Git, கோப்பில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) இரண்டையும் முதலில் கற்கலாம், இரண்டும் இலவசம். ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ கோர்ஸ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, தள்ளிப் போங்கள். படிக்கவே வேண்டும் என்றால் ஐஐடி பம்பாய் நடத்தும் சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலைப் படிப்புக்குப் போகலாம், அதற்குப் பொறியியல் பட்டம்தான் வேண்டும் என்றில்லை.

தேடும்போது ஒரே பெயரில் தேடாதீர்கள். இதே வேலை புராடக்ட் டிசைனர், யுஎக்ஸ் ரைட்டர், கன்டென்ட் டிசைனர், டாக்குமென்டேஷன் இன்ஜினியர் என்று பல பெயர்களில் வரும். போர்ட்ஃபோலியோ பிடிஎஃப்பை அனுப்புவதற்கு முன்னால் ஒரு சாதாரண போனில் திறந்து பாருங்கள்.