முதுகுப்பைக்கு முன்னால் மஞ்சள் அட்டை

ஒரு வருடம் உலகம் சுற்றக் கிளம்புகிறீர்களா? பையைக் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம். முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். உள்ளே நுழையும் நாளிலிருந்து 6 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். புதுப்பிப்பதாக இருந்தால் 36 பக்கம் போதாது, 60 பக்கத்துக்கே விண்ணப்பியுங்கள்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கென்யா, பிரேசில், பெரு என்று இந்தக் காய்ச்சல் உள்ள ஒரு நாடு வழியில் இருந்தாலும் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். ஊசி போட்டதற்கான சான்றிதழ், அதாவது மஞ்சள் அட்டை, இல்லாமல் அங்கிருந்து நேராக இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் நிலையம் இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும், ஆகவே புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள்.