ஐசிங் குக்கீயில் குழி விழாமல் இருக்க: ராயல் ஐசிங், ஃபாண்டன்ட் இரண்டுக்கும் என் செய்முறை

இரவு ஐசிங் போட்டு முடித்தபோது கண்ணாடி மாதிரி மின்னிய குக்கீகள், காலையில் பார்த்தால் ஆங்காங்கே குழி விழுந்து கிடந்தன. முதல் மூன்று தடவையும் எனக்கு இதேதான். சர்க்கரையை மாற்றினேன், மெரிங் பவுடரை (உலர்த்திய முட்டை வெள்ளை கலந்த பொடி) மாற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. கோளாறு ஐசிங்கின் பதத்தில் இருந்தது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

குக்கீ பேக் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மாவில் பேக்கிங் பவுடர் சேர்க்காதீர்கள். சுமார் 6 மி.மீ. கனத்தில் வெட்டி, 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகு பேக் செய்யுங்கள். ஓரங்கள் பரவாமல் வடிவம் அப்படியே நிற்கும். ஐசிங் போடும் முன் குக்கீ முழுசாக ஆறியிருக்க வேண்டும்.

ஐசிங் தயாரிப்பு

ராயல் ஐசிங் என்பது சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்து அடிக்கிற, உலர்ந்தால் இறுகிவிடும் ஐசிங். அதற்கு ஐசிங் சர்க்கரை (மாவு மாதிரி பொடித்த சர்க்கரை) 450 கிராம், மெரிங் பவுடர் 3 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 75 மி.லி. சர்க்கரையைக் கட்டாயம் சலியுங்கள். ஒரு சின்னக் கட்டி போதும், நாசில் (ஐசிங் பிழியும் பையின் முனைக்குழல்) அடைத்துக்கொள்ளும்.

எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம்தான் என் தேர்வு. பிளாஸ்டிக் பாத்திரத்தில் எத்தனை தடவை கழுவினாலும் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டே இருக்கும். துளி கொழுப்பு பட்டாலும் மெரிங் பவுடரில் உள்ள முட்டை வெள்ளை சரியாக நுரைக்காது. கிண்ணத்தையும் பீட்டரையும் வினிகர் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து, பீட்டரைக் குறைந்த வேகத்தில் வைத்து 7 முதல் 10 நிமிடம் அடியுங்கள். பளபளப்பு மங்கி, பீட்டரைத் தூக்கினால் நுனி விறைப்பாக நிற்க வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று வேகத்தைக் கூட்டினால் காற்று ஏறி, பிறகு குமிழி குமிழியாக வரும். அடித்த ஐசிங்கை ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். திறந்து வைத்தால் சில நிமிடங்களிலேயே மேலே ஆடை கட்டிவிடும்.

மெரிங் பவுடர் இல்லாமல் பச்சை முட்டை வெள்ளையிலும் செய்யலாம்தான். ஆனால் அதில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடப் போகிறார்கள் என்றால் பாஸ்ச்சரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) முட்டை வெள்ளை மட்டும் பயன்படுத்துங்கள்.

நிறத்துக்கு ஜெல் கலர். திரவக் கலர் வேண்டாம், அடர் நிறம் வருவதற்குள் ஐசிங் நீர்த்துப்போகும். நிறம் சில மணி நேரத்தில் தானாகவே இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகும், ஆகவே நினைத்ததைவிட ஒரு படி வெளிறலாகவே கலக்குங்கள்.

பதம்

ஒரே ஐசிங்கை இரண்டு பதத்தில் பிரிக்க வேண்டும். கரை கட்டுவதற்குப் பற்பசை மாதிரி கெட்டியாக ஒன்று, உள்ளே நிரப்புவதற்குத் தேன் மாதிரி வழிகிற இன்னொன்று. சரி, எவ்வளவு வழிய வேண்டும்? நான் தடுமாறிய இடம் இதுதான்.

கிண்ணத்தில் உள்ள ஐசிங்கின் நடுவே கத்தியால் ஒரு கோடு கிழியுங்கள். கோடு மூடி, மேற்பரப்பு சமமாகும்வரை எண்ணுங்கள். 15 முதல் 20 வினாடி ஆனால் நிரப்புவதற்குச் சரியான பதம். நான் 6, 7 வினாடியில் மூடிக்கொள்கிற ஐசிங்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். போடும்போது அழகாகப் பரவியதால் அதுதான் சரியென்று நம்பிவிட்டேன். ஆனால் நீர் அதிகமான ஐசிங் உலர வெகுநேரம் பிடிக்கும், நீர் வெளியேற வெளியேற உள்ளே தாங்க ஆளில்லாமல் நடுப்பகுதி இறங்கிவிடும். எழுத்து, கண், இதழ் போன்ற குறுகிய இடங்களில்தான் இது அதிகம்.

தண்ணீரைக் கரண்டியால் ஊற்றாதீர்கள். ஸ்பிரே பாட்டிலால் இரண்டு பீச்சு, கலக்கு, எண்ணு. மறுபடி இரண்டு பீச்சு. பொறுமையாக இருங்கள், ஒரு கரண்டித் தண்ணீர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அப்படியே நீர்த்துவிட்டால் சலித்த சர்க்கரையைச் சேர்த்துச் சரிசெய்யலாம்.

கலக்கியதும் மூடி, 10 நிமிடம் விட்டுவையுங்கள். குமிழிகள் மேலே வந்துவிடும். அப்புறம் பைப்பிங் பையில் ஊற்றுங்கள். கரைக்கு நான் 2-ஆம் எண் நாசில் போடுவேன். நிரப்புவதற்கு நாசிலே வேண்டாம், பையின் நுனியைச் சின்னதாக வெட்டினால் போதும். கரை கட்டி உடனே நிரப்பி, பல்குத்தும் குச்சியால் மூலை முடுக்கெல்லாம் இழுத்துவிட்டு, குக்கீயை மெல்லத் தட்டுங்கள். குறுகிய இடமாக இருந்தால் முதலில் கெட்டி ஐசிங்கால் உள்ளே ஒரு நெளிகோடு போட்டு, அதன்மேல் நிரப்புங்கள். அந்தக் கோடு தூண் மாதிரி தாங்கும். முதல் ஒரு மணி நேரம் ஃபேன் காற்று படும்படி வைத்தால் மேல்பரப்பு சீக்கிரம் இறுகி, பளபளப்பும் நிற்கும். உள்வரை உலர 8 முதல் 24 மணி நேரம் பிடிக்கும்.

ஃபாண்டன்ட்

ஃபாண்டன்ட் என்பது சப்பாத்தி மாவு மாதிரி தேய்த்து வெட்டுகிற சர்க்கரைக் கலவை. அதை நன்றாகப் பிசைந்து, கார்ன்ஃப்ளார் லேசாகத் தூவி 3 மி.மீ. கனத்தில் தேய்த்து, குக்கீ வெட்டிய அதே கட்டரால் வெட்டுங்கள். குக்கீ மேல் கார்ன் சிரப்பையோ ஜாமையோ மெல்லியதாகப் பூசி ஒட்டுங்கள். தண்ணீரால் ஒட்டுவதென்றால் பிரஷ் நுனி மட்டும் நனைந்தால் போதும், அதிகமானால் ஃபாண்டன்ட் கரைந்து வழுக்கும். ஓரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் விரலால் தடவிச் சமன் செய்யலாம்.

தேய்க்கும்போது வெடித்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் ஷார்ட்டனிங் (வனஸ்பதி மாதிரி கெட்டிக் கொழுப்பு) சேர்த்துப் பிசையுங்கள். வேலை செய்யாத பகுதியை எப்போதும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள்.

சுவைக்கு நான் ராயல் ஐசிங் பக்கம்தான். ஆனால் அச்சு பதித்த வடிவம், மடிப்பு, பூ என்று வந்தால் ஃபாண்டன்டுக்கு ஈடில்லை. ஃபாண்டன்ட் மேல் எழுதுவதற்குக் கெட்டிப் பத ஐசிங் எடுங்கள். வழிகிற ஐசிங்கை அதன்மேல் நிரப்பாதீர்கள், ஈரத்தில் ஃபாண்டன்ட் பிசுபிசுத்துவிடும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்து முயன்ற சிலர், சிவப்பு நிறம் பக்கத்திலிருந்த வெள்ளைக்குள் ஊறிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அடர் நிறத்தை முதலில் போட்டு, இரவு முழுக்க உலரவிட்டு, மறுநாள் வெள்ளையைத் தொடுங்கள். அடர் நிறத்தில் ஜெல்லைத் தாராளமாக ஊற்றினால் எவ்வளவு உலரவிட்டாலும் ஊறும்.

இன்னொருவர், உலர்ந்த குக்கீகளை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வெளியே எடுத்ததும் வேர்த்து நிறம் கலைந்ததாகச் சொன்னார். ஐசிங் போட்ட குக்கீக்கும் ஃபாண்டன்ட் குக்கீக்கும் ஃபிரிட்ஜ் வேண்டாம். முழுசாக உலர்ந்த பிறகு காற்றுப்புகாத டப்பாவில், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே பேக்கிங் பேப்பர் வைத்து, அறையிலேயே வையுங்கள்.