பழைய லாரியில் ஆயில் கசிகிறதா? மேலிருந்து தேடுங்கள்

தரையில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு என்று நினைக்க வேண்டாம். ஆயில் கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்றில் பின்னாலும் போகும். இன்ஜினை டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் சந்தேகமான இடங்களில் லேசாக டால்கம் பவுடர் தூவி, 15 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரக்கோடு மேலே எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம்.

பல சமயம் கசிவது வால்வு கவர் கேஸ்கெட்தான், அதாவது இன்ஜினின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புப் பட்டை. அங்கே கசியும் ஆயில் பின்பக்கமாக வழிந்து, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று நினைத்து, அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்கிவிடுவார்கள்! வால்வு கவர் போல்ட்டை மட்டும் வெறிகொண்டு முறுக்காதீர்கள், தகரக் கவர் வளைந்து கசிவு கூடும்.

எந்த சீலை மாற்றுவதானாலும் முதலில் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலும் கசியும்.