கோச்சைத் தூக்கிவிட்டார்களா? சண்டையை இப்படித் தொடங்குங்கள்

2017 பிப்ரவரி 24 காலை, பல் துலக்கக்கூட விடாமல் சித்தப்பா மகன் போன் செய்தான். “அண்ணே, ரனியேரியைத் தூக்கிட்டாங்கண்ணே. பிளேயருங்கதான் காலை வாரிட்டானுங்க.” எனக்கும் மனசு கேட்கவில்லை. பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 என்று ஒதுக்கிய லெஸ்டர் சிட்டி கால்பந்து அணியை 2016 மே மாதம் இங்கிலாந்து சாம்பியனாக்கிய கோச் அவர். 2017 ஜனவரியில்தான் ஃபிஃபாவின் சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கியிருந்தார்.

ஒரு மணி நேரம் கத்தினோம். அப்புறம்தான் புரிந்தது, ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் கேட்டது “இது நியாயமா?” நான் கேட்டது “டீம் பிழைக்குமா?” இதில் எதைப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்தால் விடியும்வரை பேசலாம், ஒன்றும் தேறாது.

அடுத்து ஒரு தாள் எடுத்து, கடைசி ஐந்து லீக் ஆட்டங்களை எதிரணியின் பெயரோடு எழுதுங்கள். லெஸ்டருக்கு நான் எழுதியது: செல்சி 0-3, சவுத்தாம்ப்டன் 0-3, பர்ன்லி 0-1, மான்செஸ்டர் யுனைடெட் 0-3, சுவான்சி 0-2. செல்சியிடமும் யுனைடெடிடமும் தோற்றால் மன்னிக்கலாம். சுவான்சி அப்படியில்லை, லெஸ்டரைப் போலவே அடிமட்டத்தில் தத்தளித்த அணி. 2017 பிறந்து லெஸ்டர் லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 25 ஆட்டங்களில் 21 புள்ளி, 17-வது இடம், கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடும் கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. தாளைப் பார்த்ததும் தம்பி கொஞ்சம் அடங்கினான்.

நிர்வாகம் “கோச்சுக்கு எங்கள் முழு ஆதரவு” என்று அறிக்கை விட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். லெஸ்டர் பிப்ரவரி 7-ம் தேதி அப்படித்தான் சொன்னது. பதினாறே நாளில் அனுப்பிவிட்டார்கள்.

இப்போது முக்கியமான வேலை. போன சீசன் பதினோரு பேரையும் இந்த சீசன் பதினோரு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். லெஸ்டரில் ஓட்டை ஓரிடத்தில்தான் தெரியும்: நடுக்களத்தில் கான்டே இல்லை. தடுப்பாட்டக்காரர்கள் மோர்கனும் ஹூத்தும் பலசாலிகள், ஆனால் வேகம் கிடையாது. அவர்களுக்கு முன்னால் கிடந்த வெற்றிடம் முழுவதையும் ஓடி ஓடி அடைத்தவர் கான்டே. எதிராளி பந்தை வாங்கித் திரும்புவதற்குள் இவர் கால் குறுக்கே வந்துவிடும். பந்து பக்கத்தில் நடுக்களத்தில் ஆடும் டிரிங்க்வாட்டருக்குப் போகும், அவர் தலைக்கு மேல் தூக்கி அனுப்புவார், முன்னால் கோல் அடிக்க வார்டி பாய்ந்துகொண்டிருப்பார். சாம்பியன் ஆட்டமே இதுதான். அந்தக் கான்டே சுமார் 32 மில்லியன் பவுண்டுக்கு செல்சிக்குப் போய்விட்டார். அவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்த ஸ்டீவ் வால்ஷும் அதே கோடையில் எவர்ட்டனுக்குப் போனார். மாற்றாக வந்த மெண்டிக்கு ஆரம்பத்திலேயே காயம். இன்னொரு மாற்று என்டிடி வந்ததோ ஜனவரியில். இடையில் ஆறு மாதம் அந்த வெற்றிடம் அப்படியே கிடந்தது. வார்டிக்குப் பந்து வரவில்லை என்றால் வார்டியைத் திட்டி என்ன பயன்?

“பிளேயர்கள் துரோகம் செய்தார்கள்” என்ற பேச்சு வந்தால், யார், என்ன செய்தார் என்று கேளுங்கள். பெயரும் செயலும் இல்லாவிட்டால் தள்ளி வையுங்கள். பிப்ரவரி 27 இரவு, நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு லிவர்பூல் ஆட்டம். லெஸ்டர் 3-1. வார்டி இரண்டு, டிரிங்க்வாட்டர் தூரத்திலிருந்து ஒன்று. “இப்ப மட்டும் எப்படிண்ணே ஓடுறானுங்க?” என்றான் தம்பி. நியாயமான கேள்விதான். ஆனால் புது கோச் முன்னால் எல்லோரும் தன் இடத்தைக் காப்பாற்ற ஓடுவார்கள். ஒரே ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. குறைந்தது பத்து ஆட்டம் பொறுங்கள்.

பொறுத்துப் பார்த்தோம். ரனியேரியின் இடத்துக்கு வந்த புது கோச் கிரெய்க் ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். ஸ்பெயினின் செவியாவை 2-0 என்று வென்று ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்குக் கொண்டுபோனார், 12-வது இடத்தில் சீசனை முடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவரையும் அனுப்பினார்கள், டீம் 18-வது இடத்தில் இருந்தபோது. எட்டு மாதத்தில் இரண்டு பேர் போனால் விரல் கோச்சைத் தாண்டி மேலே நீள வேண்டும்: ஆளை விற்றது யார், அந்த இடத்தை நிரப்பாமல் விட்டது யார்?

இன்னொன்று. “தூக்கு” என்று கத்துகிறவரிடம், வாயைத் திறந்த அன்றே மாற்று கோச்சின் பெயரைக் கேட்டுத் தேதியோடு எழுதி வாங்குங்கள். எங்கள் தாளின் பின்பக்கம் தம்பி எழுதியது “யாரும் வேணாம், ரனியேரியே இருக்கட்டும்”. நான் எழுதியது “ஷேக்ஸ்பியர், சீசன் முடியும்வரை”.

டீம் பிழைக்க அந்த முடிவு தேவைப்பட்டது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவன் கேட்ட மற்ற கேள்விக்கு, கான்டேவின் பெயருக்கு எதிரே காலியாகக் கிடந்த கட்டத்தைப் பார்த்தபோதே பதில் சொல்லிவிட்டேன்: “இல்லடா தம்பி, நியாயமில்லை.”