பாய்ஸ் ஸ்டேட் மசோதா: நான்கு நாளை விழுங்கிய முதல் பிரிவு

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜன் நடத்தும், மாணவர்கள் மாதிரி மாநில அரசு நடத்திப் பழகும் பாய்ஸ் ஸ்டேட் கோடை முகாமுக்காக மகன் எழுதிய மாதிரி மசோதா, வீட்டுப் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியில் விழுந்தது: "இதைச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா?" கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, ஆண்டு முழுக்க அப்படியே விட வேண்டும் என்பதுதான் மசோதா.

முதலில் சொற்களைத் திருத்தினோம். பிறகு தூக்கம், சாலை விபத்து என்று காரணங்களை அடுக்கினோம். இரண்டும் வீண்; கேள்வி அதிகாரம் பற்றியது, நியாயம் பற்றியது அல்ல.

விடை 1966 ஆம் ஆண்டின் கூட்டாட்சி நேரச் சட்டத்தில் இருந்தது. கோடையை ஒட்டிய மாதங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் முறைதான் கோடை நேரம்; அதுவே வேண்டாமென்று ஒரு மாநிலம் விலகலாம். ஹவாயும், நவாஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி நீங்கலாக அரிசோனாவும் அப்படித்தான். நிரந்தரக் கோடை நேரத்துக்கோ அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும். பிரிவு 1-ஐத் தலைகீழாக்கினோம்: "இம்மாநிலம் ஆண்டு முழுவதும் வழக்கமான நேரத்தையே பின்பற்றும்." அன்றே மசோதா அந்தக் கேள்வியைத் தாங்கி நின்றது.

பலர் தவறவிடுவது அமலாகும் தேதி. ஜூலை 1 என்று எழுதினால் கோடை நடுவே கடிகாரத்தை மாற்ற நேரும். நவம்பர் முதல் ஞாயிறு என்று போடுங்கள். அன்று எப்படியும் கடிகாரம் பின்னே போகிறது.

மசோதாவின் ஒவ்வொரு வரிக்கும் எண் இடவும் மறக்காதீர்கள். "7-ஆம் வரியில் இந்தச் சொல்லை நீக்குக" என்றுதான் திருத்தம் வரும். வேறு கணினியில் திறந்தால் வரிகள் நகர்ந்துவிடும். பிடிஎஃப் ஆக்கியே அச்சிடுங்கள்.