மூளையில் புற்றுநோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு

அப்பா கோப்பையில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு எழும்பத் தொடங்கியபோது அம்மா கறியில்தான் பிழை என்று நினைத்தார். "என்னப்பா, கறி பிடிக்கேல்லையே?" என்று கேட்டால், "எல்லாம் முடிஞ்சுது, இன்னும் கொஞ்சம் போடு" என்பார். ஆனால் கோப்பையின் இடப்பக்கத்தில் சோறும் மீன்குழம்பும் கோடு கிழித்த மாதிரி அப்படியே கிடக்கும். ஒருநாள் அம்மா ஒன்றும் பேசாமல் கோப்பையை மற்றப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அப்பா மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று கண் டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மூளையின் வலப்பக்கத்தில் இருந்த கட்டிதான் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவருக்கு மறக்கச் செய்திருந்தது.

இந்த நோயில் வீட்டுக்காரர் முதலில் பிடிக்க வேண்டிய விஷயம் இதுதான். மற்றப் புற்றுநோய்களில் உடம்பு இளைப்பது கண்ணுக்குத் தெரியும், இதிலோ பல வேளை ஆள் பார்க்க நல்லாக இருப்பார், குணமும் பேச்சும் நிதானமும்தான் முதலில் மாறும். ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது கட்டி எந்தப் பக்கம், எந்தப் பகுதி என்று ஸ்கான் படத்தைக் காட்டிச் சொல்லித்தரச் சொல்லி வைத்தியரைக் கேளுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நெற்றிப் பக்கம் என்றால் கோபம் வரலாம், அல்லது ஒன்றிலும் அக்கறை இல்லாமல் விறாந்தைக் கதிரையில் நாள் முழுக்க இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடப்பக்க மூளையில் இருப்பதால் அங்கே கட்டி வந்தால் சொல் வாயில் வராமல் போகலாம், ஆனால் பலருக்கு நாங்கள் கதைப்பது விளங்கும். அப்படிப்பட்டவருக்கு "தேத்தண்ணியா, தண்ணியா" என்று இரண்டையும் காட்டிக் கேட்டால் போதும், தலையாட்டுவார். சொல் வரும்வரை பொறுங்கள், நீங்கள் இடையில் முடித்துவைத்தால் அவருக்கு ஆத்திரம்தான் வரும். சரி, இதெல்லாம் தெரிந்தால் என்ன பயன்? அம்மாவோடு ஒருநாளும் சத்தம் போடாத மனிதர் சத்தம் போட்டபோது அதை எந்த இடத்தில் வைப்பது என்று எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அழுதார்தான், ஆனால் "இவர் என்னை வெறுக்கிறார்" என்று நினைத்து அழவில்லை.

ஒரு கொப்பி வாங்குங்கள். காலையில் தலையிடி இருந்ததா, சத்தி எடுத்தாரா, எத்தனை மணிக்கு எந்தக் குளிசை, நடை தள்ளாடியதா, புதிதாக என்ன மாறியது, அவ்வளவுதான். கிளினிக்கில் கிடைக்கிற சில நிமிடத்தில் நினைவிலிருந்து சொல்லப் போனால் பாதி விட்டுப்போகும், கொப்பியை நீட்டினால் வைத்தியர் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார். ஸ்கான் படங்கள், கிளினிக் புத்தகம், கொப்பி எல்லாம் ஒரே பையில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

குளிசைகளில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது டெக்ஸாமெத்தசோன். கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைப்பதற்குக் கொடுப்பது, ஓரிரு நாளிலேயே தலையிடி இறங்கி ஆள் தெளிந்துவிடுவார், அதைப் பார்த்து "சுகம் வந்துவிட்டது" என்று யாராவது நிறுத்தச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தவே கூடாது. வீக்கம் திரும்பும், அதோடு பல நாள் எடுத்தவருக்கு இதைப்போன்ற ஹோமோனைத் தானாகச் சுரக்க உடம்பு மறந்திருக்கும், உயிருக்கே ஆபத்து. குறைப்பதென்றால் வைத்தியர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான். சாப்பாட்டோடு கொடுங்கள், விரதம் பிடிக்கிற வீட்டில் இதை முன்கூட்டியே கதைத்துவையுங்கள். இரண்டு வேளைக்கு எழுதியிருந்தால் இரண்டாவதை மத்தியானத்தோடு முடிக்கலாமா என்று கேளுங்கள், பின்னேரம் கொடுத்தால் இரவு முழுக்கக் கண் மூடமாட்டார், உங்களையும் மூடவிடமாட்டார். பசி அகோரமாக வரும், சீனி ஏறும், முகம் உருண்டுவிடும். தொடையில் பலம் குறைந்து குந்தியிருந்து எழும்ப முடியாமல் போகும், அதனால் கொமோட் கதிரை ஒன்றைத் தேவை வருமுன்பே தேடிவையுங்கள். நாக்கில் வெள்ளை படிந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம், சொன்னால் மருந்து தருவார்கள்.

வலிப்பு வரலாம். எல்லாருக்கும் வராது, ஆனால் வரும் என்று நினைத்தே வீட்டை ஒழுங்குபடுத்துங்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கிறார்கள், வாய்க்குள் கரண்டி வைக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம், பல்லு உடையும், மூச்சு அடைக்கும். ஆளைச் சரித்துப் படுக்கவையுங்கள், தலைக்குக் கீழே மடித்த துவாய், சுற்றியிருக்கிற கதிரை மேசையைத் தள்ளுங்கள், பிடித்து அமுக்க வேண்டாம், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து தெளியாமலே அடுத்தது வந்தால், இலங்கையில் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தெளிந்த பிறகும் முழுதாக விழிக்கும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. எல்லா வலிப்பும் விழுந்து துடிப்பதாக இருக்காது. ஒரு கை மட்டும் துள்ளும், வாய்க்கடை இழுக்கும், ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பார், அதையும் கொப்பியில் எழுதுங்கள். மோட்டார்சைக்கிள் இனி இல்லை, இதைச் சொல்வது பெரிய சண்டையாகும், வைத்தியர் வாயால் சொல்லவையுங்கள். கிணத்தடியில் தனியாகக் குளிக்கவிடாதீர்கள். எங்கள் கிணற்றுக்கட்டு முழங்கால் உயரம்தான், நாங்கள் கிணற்றுக்கு வலைபோட்டு, வாளியில் அள்ளிவைத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்திக் குளிப்பாட்டினோம்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு கதிர்ச் சிகிச்சை, ஊரில் "கரண்ட் பிடிக்கிறது" என்பார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பளையில் எழும்பிய புற்றுநோய் ஆஸ்பத்திரி எங்களுக்குக் கிட்ட இருப்பது பெரிய ஆறுதல், ஆனால் சிலரைக் கொழும்புப் பக்கம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவார்கள். அப்படியென்றால் ஆறு கிழமைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டையோ அறையையோ முதலே கதைத்துவையுங்கள், சிங்களம் தெரிந்த ஒருவர் முதல் நாளிலாவது கூட வரட்டும். முகத்துக்கு அளவாக ஒரு வலைமுகமூடி செய்து மேசையோடு பூட்டுவார்கள், சிலருக்கு அதுதான் பெரிய பயம். சில நிமிடத்தில் முடியும், நோகாது என்று முதலே சொல்லுங்கள். கிளையோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் மூளைக்கட்டிக்கு வழமையாக 30 தடவை, கிழமையில் ஐந்து நாள், அந்த நாட்கள் முழுக்கத் தினமும் டெமொசோலோமைட் என்ற புற்றுநோய் மருந்துக் கப்சூல், பிறகு 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள். வெறும் வயிற்றில், சத்திக் குளிசை போட்ட பிறகு, உடைக்காமல் விழுங்க வேண்டும். இந்த மருந்து இரத்த அணுக்களைக் குறைக்கும், ஆகவே காய்ச்சல் 38 பாகை தொட்டால் பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. மாரியில் டெங்குவும் சேர்ந்துவிடும், வீட்டில் இருந்து யோசிக்க நேரம் இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும், மூச்சு இழுத்தாலும் அப்படியே, இரத்தம் கட்டியிருக்கலாம். இன்னொன்று: கரண்ட் முடிந்து முதல் சில மாதத்தில் எடுக்கும் ஸ்கானில் கட்டி பெருத்த மாதிரித் தெரியலாம், அது சிகிச்சையால் வந்த வீக்கமாகவும் இருக்கலாம். அறிக்கையை வீட்டில் வாசித்து இடிந்துபோகாமல் வைத்தியர் சொல்லும்வரை பொறுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வாட்ஸ்அப்பில் முள்ளு அன்னமுன்னா இலை, மூலிகைத் தூள் என்று வந்துகொண்டே இருக்கும். அன்பில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் சில இலையும் தூளும் ஈரலைத் தாக்கும், வலிப்புக் குளிசையோடு முட்டும், வைத்தியரிடம் காட்டாமல் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அவர்களிடம் வேறு வேலை கேளுங்கள். என் மச்சாள் கனடாவில் இருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் அப்பாவோடு பதினைந்து நிமிடம் வீடியோவில் இருந்தாள், அந்தப் பதினைந்து நிமிடத்தில் அம்மா குளித்தார். பார்க்க வருகிறவர்களை இரண்டு இரண்டு பேராகப் பின்னேரத்தில் மட்டும் வரச்சொல்லுங்கள், கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் அந்த மூளைக்குத் தாங்காது. அவர் காதுபட "எத்தனை மாதமாம்" என்று கேட்பவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள், மரியாதை பார்க்க வேண்டாம்.

இரவு முறை வைத்துப் படுங்கள். நாங்கள் மூன்றாம் மாதம்தான் தொடங்கினோம், அதற்குள் அம்மாவின் பிறஷர் ஏறிவிட்டது. ஒருவரே எல்லாம் செய்ய முடியாது, சித்தப்பா இரண்டு இரவு, நான் மூன்று, அம்மாவுக்கு ஒரு அறை, கதவு பூட்டி. மனம் தாங்காவிட்டால் கிளினிக்கிலேயே சொல்லுங்கள், கதைக்க ஆள் ஒழுங்குபண்ணித் தருவார்கள்.

நோய் முற்றிய பிறகு கூடுதலாக நித்திரையாகத் தொடங்குவார், விழுங்குவது கடினமாகும். நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுக் கீழே சாய்த்து, சிறு கரண்டியால் கொடுங்கள், இருமினால் நிறுத்துங்கள். வலிப்புக் குளிசையை விழுங்க முடியாவிட்டால் வேறு வடிவத்தில் தருவார்களா என்று அன்றைக்கே கேளுங்கள், வலிக்கு மோர்பின் தந்தால் பயப்படாமல் சொன்ன அளவில் கொடுங்கள். வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்பதை அவருக்குச் சொல் வருகிற காலத்திலேயே அவரிடம் கேட்டுவையுங்கள். அப்பா வீடு என்றார். கடைசிக் கிழமைகளில் கஞ்சி மட்டும்தான், அம்மா கரண்டியை ஒவ்வொரு தடவையும் அவருடைய வலப்பக்கத்தால் கொண்டுவந்தார்.